மூக்கு பார்க்கும் சல்மா

சல்மா எங்கள் வீட்டு ஹாலில் பாயை விரித்து மல்லாந்து படுக்கிறாள். தலைத்துணிக்கு மேலேயே பட்டைகளை இழுத்து மாஸ்க்கை மாட்டிக்கொள்கிறாள். குழாயை மிஷினில் செருகி, பொத்தானை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கிடக்கிறாள். வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சோபாவில் இருக்கும் என் மனைவி ரமணி, நோயாளி தானா அவளா என்று குழம்பிப்போய் என்னைப் பார்க்கிறாள்.

சல்மா எழுந்து உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றுகிறாள். "செத்துப் போகல பாருங்க அக்கா. இப்ப நீங்க."

எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் அவள் முதல் வேலை. அதற்கென்றே சொந்தமாக ஒரு மாஸ்க் வைத்திருக்கிறாள். ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் பெயர் எழுதியிருக்கும், வேறு யாருக்கும் அது போகாது. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு மூக்கையும் வாயையும் மூடுகிற எதைக் கண்டாலும் நடுக்கம். "வாயால சொன்னா நம்ப மாட்டாங்க அங்கிள். யாராச்சும் முன்னால படுத்துக் காட்டணும்லா" என்பாள்.

வயது நாற்பத்து மூன்று. எனக்கு மகளாகக்கூடிய வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். வீடு எங்கள் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். செபராங் ஜெயாவில் மருத்துவச் சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்றில் வேலை. தூங்கும்போது மிஷினிலிருந்து காற்று வாங்க வேண்டிய நோயாளிகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களில் யார் முகத்துக்கு எந்த மாஸ்க் என்று பார்த்துக் கொடுப்பது அவள் தொழில். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் விடாமல், முகத்தின் வழியே காற்றைத் தள்ளி நுரையீரலுக்குக் கை கொடுக்கிற மிஷின் அது. எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும், மாஸ்க் முகத்தில் நிற்கவில்லை என்றால் அது வெறும் காற்றாடி. இந்த வாசகம் என்னுடையது. சல்மா இப்போது எல்லா வீட்டிலும் இதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறாள், என் பெயரைச் சொல்லாமல்.

இந்த வேலைக்கு வருமுன் பட்டர்வொர்த்தில் ஹெல்மெட் கடையில் எட்டு வருடம் நின்றிருக்கிறாள். ஆள் மோட்டோவை விட்டு இறங்கி வருவதற்குள் தலை அளவைச் சொல்லிவிடுவாளாம். பிறகு இந்தக் கடைக்காரர்கள் கோலாலம்பூருக்கு அனுப்பி மூன்று மாதம் படிக்க வைத்தார்கள். தலையிலிருந்து மூக்குக்கு இறங்கிவிட்டாள்.

யாரோடு பேசினாலும் சல்மா கண்ணைப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே, மூக்குத்தண்டைப் பார்த்துத்தான் பேசுவாள். பழகிய பிறகு ஒரு நாள் அவளோடு பெர்ரியில் அக்கரைக்குப் போனேன். காற்று வாங்க மேலே நிற்கிற சனத்தை ஒவ்வொருவராக அளந்துகொண்டே வந்தாள்.

"அந்த நீலச் சட்டை மீடியம். பக்கத்துல நிக்கிற அம்மாவுக்குச் சின்னது, ஆனா கன்னம் ஒட்டிப்போச்சு, விடியிறதுக்குள்ள ஒழுகும். அந்த மீசைக்காரருக்கு மூக்குத் தொளையில செருகுற குட்டிதான்."

"மீசைய எடுக்கச் சொல்ல மாட்டியா?" என்றேன்.

"முகத்த மாத்தச் சொல்ல நான் யாரு அங்கிள்? என் பெட்டியில முப்பது மாஸ்க் இருக்கு. அவருக்கு இருக்கிறது ஒரு மீசை."

"எனக்கு எது?"

"உங்களுக்கு வாய மூடுற மாதிரி ஒண்ணு. சைஸ பிறகு பாப்போம்."

ஒழுகுவதென்றால் அவளுக்கு ஆகாது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வீட்டுக்காரருக்கு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்குவாள். வாங்கியதும் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பாள். ஒரு சொட்டுக் குழம்பு இறங்கினாலும் மறுபடி கட்டச் சொல்வாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் இரண்டு ரப்பர் பேண்டு கூடப் போடுகிறார்.

என்னைப் பற்றியும் நாலு வரி சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்து வைத்த வேலை விளங்காது. ஜாலான் டத்தோ கெராமாட்டில் டயர் கடை வைத்திருக்கிற பழனியப்பன் நான். படிப்பு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பதின்மூன்று வயதில் இன்னொருவர் கடை வாசலில் கைப்பம்போடு உட்கார்ந்தவன். இன்றைக்கு என்னிடம் எட்டுப் பேர் சம்பளம் வாங்குகிறார்கள். பெரிய பெரிய டாக்டர்களின் காடி என் கடை வாசலில் வரிசையில் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் காதால் கண்டுபிடிப்பேன். ஐம்பத்தைந்து வருடமாக இந்த ஊரின் ஓட்டைகளை அடைத்து வருகிறேன். நான் அடைத்து மறுபடி கசிந்ததாக ஒருவர் திரும்பி வந்ததில்லை.

ரமணிக்குச் சின்ன வயதிலிருந்தே முதுகெலும்பு வளைவு. வளைந்த கூட்டுக்குள் நுரையீரல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அறுபது வயது வரை என்னோடு சண்டை போட மூச்சு போதுமானதாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. போன வருடம் இரண்டு முறை தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். தூங்கும்போது மூச்சு குறைந்து உள்ளே கரியமில வாயு தேங்கிவிடுகிறது என்றார் டாக்டர். தினமும் தூங்குகிற நேரம் முழுக்க மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது முறை இப்படி ஆனால் எழுப்பித் தர முடியும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குச் சொல்லப்பட்டதை நான் சொல்லாமலே ரமணி தெரிந்துகொண்டாள். நாற்பது வருடப் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் போட்ட மாஸ்க் மூக்குத்தண்டில் புண் வைத்துவிட்டது. அடுத்ததை நானே கைப்பேசியில் பார்த்து வாங்கினேன். இருப்பதிலேயே பெரியது, விலையும் அதிகம். நல்ல சாமானுக்கு அதுதானே அடையாளம். அது கண்ணுக்குள் காற்றடித்தது. ரமணி கழற்றி அலமாரிக்கு மேல் வீசினாள். "லோரி டயர மோட்டோவுக்கு மாட்டுவீங்களா? எனக்கு மட்டும் ஏன் மாட்டுறீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் டாக்டர் சல்மாவின் நம்பரைக் கொடுத்தார்.

அவள் பெட்டி ஒரு பழைய விமானப் பயணப் பெட்டி. ஒரு சக்கரம் தேய்ந்து கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அதை நான்தான் மாற்றிக் கொடுத்தேன், இலவசமாக. உள்ளே ஒவ்வொரு மாஸ்க்கும் தனித்தனிப் பையில். கம்பெனி வைத்த பெயர்களை அவள் சொல்வதில்லை. மூக்குத் துளையில் செருகுவது குட்டி. மூக்கை மட்டும் மூடுவது மூக்கன். வாயையும் சேர்த்து மூடுவது பெரியண்ணன். நெற்றியிலிருந்து தாடை வரை கண்ணாடி போல மூடுவது ஹெல்மெட். அளவெடுக்க ஓட்டைகள் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் அட்டையும் உண்டு. முதலில் கண்ணால் அளவைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அட்டையை மூக்கில் வைப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையைப் பார்த்துத் தலையாட்டுவாள், அது பாஸ் ஆகிவிட்ட மாதிரி.

ரமணிக்கு உடனே எதையும் மாட்டவில்லை. "அக்கா, உங்க சீரியல் எத்தன மணிக்கு?" என்று கேட்டு, டிவியைப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றாள். வெள்ளி கொடுத்து வரவழைத்த ஆள் கடலை தின்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. மாமியார் மருமகளின் துணிப்பையை வாசலில் எறிகிற கட்டம் வந்தது. சல்மா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா வாயப் பாருங்க."

ரமணியின் வாய் பாதி திறந்திருந்தது.

"தன்ன மறந்தா வாய் தொறக்குது. தூக்கத்துலயும் இதேதான். மூக்கன மாட்டினா காத்து பூரா வாய் வழியா ஓடிரும். இத நேராக் கேட்டா, 'நான் வாய மூடிக்கிட்டுத்தான் தூங்குவேன்'னு எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க."

வாயையும் மூட வேண்டும். மூக்குத்தண்டிலோ புண். இடது பக்கம் மூக்குத்தி, கல்யாணத்துக்கு முன்தினம் குத்தியது, அன்றிலிருந்து கழற்றாதது. அதைக் கழற்றச் சொன்ன தாதியை ரமணி வார்டிலிருந்தே கழற்றிவிடப் பார்த்தாள். சல்மா கழற்றச் சொல்லவில்லை. மூக்குத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பெட்டிக்குள் கையை விட்டாள், அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். வாயை மூடி, மூக்குக்கு அடியில் மட்டும் தாங்கி நிற்கிற மாஸ்க். புண்ணையும் தொடாது, மூக்குத்தியையும் தொடாது.

"உக்காந்த முகம் வேற, படுத்த முகம் வேற" என்று ரமணியைப் படுக்க வைத்து, மிஷினை ஓடவிட்டு மாட்டினாள். உதட்டோரம் ஒரு சீறல். என் கை தானாகப் பட்டையை இறுக்கப் போனது. சல்மா அட்டையால் என் புறங்கையில் ஒன்று போட்டாள்.

"அங்கிள், இது வீல் நட்டு இல்ல. இறுக்க இறுக்கத்தான் ஒழுகும்."

பட்டையைத் தளர்த்தினாள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு நூல் முன்னால் இழுத்து விட்டாள். காற்றே விளிம்பை உப்ப வைத்து முகத்தில் சமமாக உட்கார வைத்தது, சீறல் நின்றது. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும் என்பது அவள் சட்டம். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காருவதும் காற்றால்தான், அடித்து இறுக்கி அல்ல. எனக்குத் தெரிந்த விஷயத்தை என் வீட்டில் வைத்து எனக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

போகும்போது எனக்கு ஒரு வேலை வைத்தாள். தினமும் காலையில் மிஷின் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று மாஸ்க்கை விட்டு வெளியே போனது என்று அதில் தெரியும். அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். எட்டு நாள் எட்டுக் கட்டைவிரல் வந்தது. ரமணி இரவு முழுக்கத் தூங்கினாள். காலைத் தலைவலி போனது. அலமாரி மேல் எதுவும் பறக்கவில்லை.

என்னால்தான் தூங்க முடியவில்லை. திரையில் தினமும் இருபத்தாறு லிட்டர், இருபத்தேழு லிட்டர். டயர்க்காரன் வீட்டில் நிமிடத்துக்கு இருபத்தாறு லிட்டர் கசிகிறது. ஒன்பதாம் நாள் பகலில் மாஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆளைப் பிடித்துவிட்டேன். குழாய் சேருகிற முழங்கை மாதிரி வளைவில், ஊசி முனை அளவில் வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். மிஷினைப் போட்டு சோப்பு நுரை தடவினேன். குமிழ் குமிழாக வந்தது. இவ்வளவு படித்தவர்கள் செய்த சாமானில் இப்படி ஒரு குறை. அதைக் கண்டுபிடிக்க மூன்றாம் வகுப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைக்குப் போய் சைக்கிள் டியூப் ஒட்டு எடுத்து வந்தேன். நகக்கண் அளவுக்கு வெட்டி, விளிம்பை உரசி, பசை காயவிட்டு ஒட்டினேன். நான் போட்ட ஒட்டுகளிலேயே மிகச் சிறியதும் மிக நேர்த்தியானதும் அதுதான். நடந்தது எல்லாம் நடந்த பிறகும் அதைச் சொல்வேன்.

மறுநாள் காலை திரையில் இரண்டு லிட்டர். படம் எடுத்து, இந்த முறை நானே ஒரு கட்டைவிரலைச் சேர்த்து அனுப்பினேன். தேத்தண்ணீர் ஆறுமுன் போன் அடித்தது.

"அங்கிள், மாஸ்க்க என்ன செஞ்சீங்க?"

"ஓட்டைய அடைச்சேன். உன் கம்பெனிக்காரன் பாக்காம விட்டுட்டான்."

பஸ் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"அக்கா எங்க?"

"தூங்குறா. இன்னிக்குத்தான் நல்ல தூக்கம், மணி ஒம்பதாச்சு."

"எழுப்புங்க. மாஸ்க்க கழட்டுங்க. போன வைக்காதீங்க."

அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. கழற்றினேன். ரமணியை மூன்று முறை உலுக்க வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்தாள், ஆனால் கண் என்னிடம் வந்து சேரவில்லை. போனை அவள் காதில் வைக்கச் சொன்னாள் சல்மா.

"அக்கா, அங்கிள் ஒரு வேல பாத்து வச்சிருக்காரு. அவரத் திட்டுங்க."

"ம்."

"திட்டுங்க அக்கா. நல்லாத் திட்டுங்க."

"பிறகு திட்டுறேன்" என்றாள் ரமணி. கண் மூடிக்கொண்டது.

நாற்பது வருடத்தில் ரமணி திட்டைத் தள்ளிப் போட்டது அன்றைக்குத்தான்.

"சரியில்ல அங்கிள். நிமித்தி உக்கார வைங்க, மறுபடி தூங்க விடாதீங்க. இன்னொரு போன்ல 999 அடிச்சு ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. நான் வர்றேன்."

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ரத்தம் எடுத்தார்கள். கரியமில வாயு ஏறியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கவிட்டிருந்தால் என்று சொல்ல வந்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அவர்களுடைய மிஷினை வைத்தார்கள். பெர்ரி பிடித்து வந்துவிட்ட சல்மா கட்டிலின் காலடியில் நின்றாள், உட்காரவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு ரமணி கண்ணைத் திறந்தாள், என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லித் தாதியிடம் சைகை காட்டினாள்.

"ஒட்டுப் போட ஒங்களுக்கு வேற மூஞ்சி கெடைக்கலியா?"

அங்கே ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தில் என் அக்கா செய்த தவறு வரை போனாள். பக்கத்துக் கட்டில் சீனத்தியும் எதிர்க்கட்டில் மலாய்ப் பாட்டியும் தமிழ் விளங்கியது போலத் தலையாட்டினார்கள். சல்மா கண்ணை மூடிக் கடைசி வார்த்தை வரை கேட்டாள்.

"ஆ, இப்பதான் அக்கா வந்துட்டாங்க" என்று அதன் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவள் கைப்பேசியில் என் பெயர் அதுவரை 'டயர் அங்கிள்'. அன்றிலிருந்து 'டயர் ஹாத்தி-ஹாத்தி'. சாலையில் பள்ளம் தோண்டுகிற இடத்தில், கவனம் என்று எச்சரித்து மலாயில் பலகை வைப்பார்களே, அந்த வார்த்தை.

ரமணி வீடு திரும்பிய மறுநாள் சல்மா புது மாஸ்க்கோடு வந்தாள். நான் இருக்கிற பெருமையையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, வசவு வாங்கத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. பாயை விரித்துப் படுத்து, தன் மாஸ்க்கை மாட்டி மிஷினைப் போட்டாள். தன் மாஸ்க்கின் வளைவில் இருந்த ஓட்டைகளைக் காட்டினாள்.

"இதுல கட்டவிரல வச்சு அடைங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. மிஷின் பாட்டுக்கு ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் நெஞ்சு உயர்ந்து இறங்குகிற உயரம் கூடியது. மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி படர்ந்தது. நெற்றியில் துணியோரம் வேர்வை பளபளத்தது. ஆனாலும் கையைத் தூக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைப் பார்க்கிற பழக்கத்தை விட்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் விரலை எடுத்துவிட்டேன்.

மாஸ்க்கைக் கழற்றி மூச்சு வாங்கினாள்.

"நான் இன்னும் சொல்லலியே அங்கிள்."

கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"அக்காவால சொல்லியே இருக்க முடியாது. தூங்கிட்டு இருந்தாங்க." வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் உள்ள தள்ளுது, ஒரே குழாய். அவங்க விடுற காத்து வெளிய போறதுக்கு இந்த ஓட்டைய விட்டா வேற வழி கெடையாது. வேணும்னுதான் போட்டிருக்கான். டயர்ல காத்து உள்ளயே நிக்கணும். ஆளுக்குள்ள நிக்கக் கூடாது."

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருந்து ரமணிக்குப் புது மாஸ்க்கை மாட்டினாள். அதுவரை ரமணி என்னை அந்த அறைக்குள் விடவில்லை. வாசலில் நின்றபடி அவள் இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிப் போவதைப் பார்த்தேன்.

சல்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையை அந்த ஓட்டைகளுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னை விரலசைத்துக் கூப்பிட்டு, கையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் காட்டினாள். மண்டியிட்டு என் உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். சீராக ஒரு குளிர்ந்த காற்று பட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே ரமணி மூச்சை விடும்போது மட்டும் ஒரு வெதுவெதுப்பு வந்து கையில் மோதிப் போனது.

கட்டிலின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்த சல்மா, ரமணியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வெதுவெதுப்புக்கும் எனக்குத் தெரியும்படி ஒரு விரலை மடக்கினாள். பத்தும் மடங்கியதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி சுண்டுவிரலிலிருந்து தொடங்கினாள்.